மிளகு இலைகளை அளந்தால் இரண்டு கூட்டமாகப் பிரிகிறது. இரண்டு இனமா?

இலைக்கணக்கு (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். முதுகலைத் தாவரவியல் ஆய்வேட்டுக்காகக் கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடி பக்கம், காட்டோரத்தில் தானாக முளைத்து மரமேறியிருக்கும் மிளகுக் கொடிகளிலும் பக்கத்துக் காப்பித் தோட்டங்களில் நட்டு வளர்க்கும் கொடிகளிலும் இலை சேகரித்தேன். சில நூறு இலைகள் இருக்கும். ஒவ்வொன்றையும் ஸ்கேன் செய்து, படத்தில் அளவெடுக்கும் இமேஜ்ஜே மென்பொருளில் அளந்தேன்: நீளம், அகலம், காம்பு நீளம், இலை எந்த இடத்தில் அதிகம் அகலமாகிறது, அடிப்பக்கக் குழிவு எவ்வளவு, நடுநரம்புக்கு இரண்டு பக்கமும் ஒத்திருக்கிறதா, அடியிலிருந்து கிளம்பும் நரம்புகள் எத்தனை. பிறகு ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளில் பிசிஏ (முதன்மைக் கூறு பகுப்பாய்வு, பல அளவைகளை ஒன்றிரண்டு அச்சுகளாகச் சுருக்கிப் படமாகக் காட்டும் முறை) போட்டேன்.

படத்தில் இரண்டு கூட்டம் பளிச்சென்று வருகிறது. புள்ளிகளைக் கேட்ட எண்ணிக்கையில் கூட்டங்களாகப் பிரிக்கும் கே-மீன்ஸில் இரண்டு என்று கொடுத்தாலும் அதே பிரிவுதான். இங்கே இரண்டு இனங்கள் கலந்திருக்கலாம், அப்படியே எழுதலாம் என்று ஒரு மூத்த மாணவர் சொல்கிறார். எனக்கு இடிக்கும் விஷயம் ஒன்று உண்டு. ஒரே கொடியில் பறித்த இலைகள் சில இந்தக் கூட்டத்திலும் சில அந்தக் கூட்டத்திலும் கிடக்கின்றன. காட்டுக்கொடி, தோட்டக்கொடி என்று நிறம் கொடுத்துப் பார்த்தேன். இரண்டு நிறமும் இரண்டு கூட்டத்திலும் இருக்கிறது.

இதை எப்படிப் புரிந்துகொள்வது?

முள்முருங்கை (கொல்லிமலை)

தம்பி, எனக்குப் பிசிஏ தெரியாது, மிளகு தெரியும். இலையைக் கொடியின் எந்த இடத்தில் பறித்தீர்கள்? தாங்கு மரத்தைப் பிடித்துக்கொண்டு மேலே போகும் தண்டில் இருப்பது ஒரு மாதிரி இலை. அதிலிருந்து பக்கவாட்டில் நீண்டு சரம் (பூவும் மணியும் வரும் கதிர்) பிடிக்கும் கிளையில் இருப்பது வேறு மாதிரி. கீழே தரையில் ஓடும் ஓடுகொடியின் இலை இன்னொரு மாதிரி. மூன்றையும் கலந்து ஒரு பையில் போட்டால் நாற்பது வருஷம் மிளகு பறித்தவனும் ஒரே கொடி என்று சொல்லமாட்டான்.

ஏறும் தண்டின் இலை அகலமாக, இதய வடிவில், இரண்டு பக்கமும் சமமாக இருக்கும். சரம் பிடிக்கும் கிளையின் இலை ஒடுங்கி நீண்டு, அடியில் ஒரு பக்கம் கொஞ்சம் இறங்கி ஒரு பக்கம் ஏறி இருக்கும். உங்கள் இரண்டு கூட்டம் இதுதானா என்று முதலில் பாருங்கள்.

உலர்தாவரம்

மேலே ஐயா சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். மிளகில் இந்த இரட்டைத்தன்மை எவ்வளவு ஆழமானது என்பதற்குப் புதர் மிளகே சாட்சி. பக்கக்கிளையை வெட்டித் தொட்டியில் வேர்பிடிக்க வைத்தால் அது கொடியாக ஏறுவதில்லை. பக்கக்கிளையாகவே படர்ந்து புதராக நின்று காய்க்கிறது. அதே கொடியின் ஓடுகொடியிலிருந்து எடுத்த பதியன் மரமேறுகிறது. மரபணு ஒன்றுதான், உடம்பு மட்டும் இரண்டு. புள்ளியியல் மென்பொருள் அந்த இரண்டையும் பிரித்துக் காட்டுவதில் வியப்பே இல்லை.

காட்டில் இன்னும் மோசம். சோலைத் தரையில் கம்பளம்போல் படர்ந்திருக்கும் பைப்பர் (மிளகின் பேரினம்) ஓடுகொடிகளில் சின்னச் சின்ன இதய வடிவ இலைகள்தான் இருக்கும். அந்த நிலையில் எந்த இனம் என்று இலையை மட்டும் வைத்துச் சொல்ல யாரும் துணியமாட்டார்கள். பழைய உலர்தாவரத் தாள்களில் பூவும் காயும் இல்லாத பைப்பர் மாதிரிகள் பெயரில்லாமல் கட்டுக்கட்டாகக் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பரவற்படி

புள்ளியியல் பக்கத்திலிருந்து நானும் கொஞ்சம் சொல்கிறேன். நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, பிசிஏவின் முதல் அச்சைப் பற்றி. நீளம், அகலம், காம்பு எல்லாம் சென்டிமீட்டரில் இருக்கிறது. பெரிய இலைக்கு எல்லாமே பெரிதாக இருக்கும். அதனால் முதல் அச்சு பெரும்பாலும் "பெரியது - சிறியது" என்ற ஒரே செய்தியைத்தான் சொல்லும். நிழலில் வளர்ந்த கொடியின் இலை பெரிதாகவும் மெல்லியதாகவும், வெயிலில் வளர்ந்தது சிறிதாகவும் தடித்தும் இருக்கும் என்பது தோட்டக்காரர் எல்லோருக்கும் தெரியும். அந்த நிழல் வித்தியாசத்தை ஒரு பெரிய கணக்குப் போட்டுக் கண்டுபிடித்ததாக முடிந்துவிடக்கூடாது. அளவுகளை மடக்கையாக மாற்றுங்கள், அல்லது நீளத்துக்கு அகலம் என்ற விகிதம்போல வடிவத்தைச் சொல்லும் அளவைகளை எடுங்கள். ஏற்றச்சுமைகளை (ஒவ்வொரு அளவைக்கும் அச்சில் எவ்வளவு பங்கு என்று காட்டும் எண்களை) அச்சடித்துப் பாருங்கள். முதல் அச்சில் எல்லா அளவைக்கும் ஒரே குறி (எல்லாம் கூட்டல் அல்லது எல்லாம் கழித்தல்) இருந்தால் அது அளவு அச்சு.

இரண்டாவது, கே-மீன்ஸ். இரண்டு கூட்டம் கேட்டீர்கள், இரண்டு கொடுத்தது. ஐந்து கேட்டிருந்தால் ஐந்து கொடுத்திருக்கும். ஒத்தவற்றைக் கிளை கிளையாகச் சேர்த்துக் காட்டும் கிளைவரைபடமும் அப்படித்தான். ஒரு மூட்டை ஒரே மாதிரி நெல்லைக் கொட்டினாலும் அழகாகக் கிளை பிரித்து வரைந்து தரும். கூட்டம் இருக்கிறதா என்ற கேள்வியை இந்த முறைகள் கேட்பதே இல்லை. இருக்கிறது என்று வைத்துக்கொண்டு, எல்லையை எங்கே போடலாம் என்று மட்டும் பார்க்கின்றன. "ஒரே கூட்டம்தான்" என்ற விடையையும் சொல்லத் தெரிந்த முறை வேண்டுமென்றால் தரவைப் பல பரவல்களின் கலவையாக வைத்துப் பார்க்கும் கலப்புப் பரவல் மாதிரிகளைப் போடுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று கூட்டங்களுக்கான மாதிரிகளை பிஐசி (வீண் சிக்கல் இல்லாமல் எது தரவுக்கு நன்றாகப் பொருந்துகிறது என்று காட்டும் எண்) மதிப்பால் ஒப்பிடலாம். ஆனால் அதுவும் மந்திரக்கோல் இல்லை. பரவல் சாய்ந்திருந்தால் ஒன்றையே இரண்டாகப் பிரித்துக்காட்டும்.

மூன்றாவதாக, எல்லோரும் பாடத்தில் பார்த்த ஐரிஸ் தரவையே எடுத்துக்கொள்ளுங்கள். எட்கர் ஆண்டர்சன் அளந்த பூக்களை வைத்து ஆர். ஏ. ஃபிஷர் 1936இல் எழுதிய கட்டுரை. மூன்று இனம், ஒவ்வொன்றிலும் 50 பூ, பூவுக்கு நான்கு அளவை. இனப் பெயரைக் கையில் வைத்துக்கொண்டு எல்டிஏ (பெயர் தெரிந்த கூட்டங்களை நன்றாகப் பிரிக்கும் அச்சைத் தேடும் முறை) போட்டால் மூன்றும் கிட்டத்தட்ட முழுசாகப் பிரியும். பெயரை மறைத்துவிட்டு வெறும் புள்ளிகளாகப் பார்த்தால் கண்ணுக்குத் தெரிவது இரண்டு கூட்டம்தான்: செட்டோசா என்ற இனம் தனியாக, மற்ற இரண்டும் சேர்ந்து ஒன்றாக. அதனால் "இயல்பாக எத்தனை கூட்டம் தெரிகிறது" என்பதும் "எத்தனை இனம்" என்பதும் இரண்டு தனித்தனிக் கேள்விகள். உலகத்திலேயே அதிகம் பயன்பட்ட தாவர அளவைத் தரவிலேயே இரண்டும் ஒத்துவரவில்லை.

சும்மா பார்ப்பவன்

இவ்வளவு எதற்கு? டிஎன்ஏ எடுத்துப் பார்த்தால் ஒரே நாளில் முடிந்துவிடாதா? இல்லையென்றால் செடியைக் கண்டுபிடிக்கும் செயலியில் படம் எடுத்துப் போடலாமே?

உலர்தாவரம்

ஒரே நாளில் முடியாது. மிளகு பன்மடியச் செடி (குரோமோசோம் தொகுதிகள் இரண்டுக்கு மேல் உள்ளது), 52 குரோமோசோம். 2019இல் மிளகின் முழு மரபணுத்தொகுதி 26 குரோமோசோம்களாக அடுக்கி வெளியிடப்பட்டது, அது பெரிய உதவிதான். ஆனால் ஒரு காட்டு மக்கள்தொகையில் எந்தக் கொடி எந்த இனம், எது கலப்பு என்று பிரிக்கப் பல கொடிகளில் பல இடங்களைப் படிக்க வேண்டும். அதற்கும் மாதிரி எடுப்பு, அதற்கும் புள்ளியியல். பிசிஏவை அங்கேயும் போடுவார்கள், கூட்டம் என்றால் என்ன என்ற இதே சண்டை அங்கேயும் நடக்கும். அப்புறம் முடிவு வந்தாலும் மலையில் நிற்கிறவர் கையில் வைத்துப் பார்த்து அடையாளம் காண ஒரு பண்பு வேண்டும் அல்லவா?

செயலி விஷயம்: அது எந்தப் படங்களைப் பார்த்துக் கற்றதோ அதைத்தான் சொல்லும். பக்கக்கிளைப் படங்களில் கற்றிருந்தால் ஓடுகொடி இலைக்கு வெற்றிலை என்று சொன்னாலும் சொல்லும். நான் போட்டுப் பார்த்தபோது அதைத்தான் சொன்னது.

வவுனியா வண்ணத்தி

எனக்கு மிளகை விடக் கொடித்தோடைதான் பழக்கம். உங்கள் ஊரில் தாட்பூட் பழம் என்பீர்கள். இந்த இழைக்கு நேரே பொருந்துகிற ஒரு வேலை அந்தப் பேரினத்தில் நடந்திருக்கிறது.

பாசிஃப்ளோரா பேரினத்தில் 500க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. பெரும்பாலானவை அமெரிக்க வெப்பமண்டலக் கொடிகள். இலை வடிவத்தில் இவ்வளவு விதம் காட்டும் பேரினம் மிகவும் குறைவு. வட்டம், ஈட்டி, மூன்று விரல், ஐந்து விரல், வௌவால் சிறகு மாதிரி குறுக்கே நீண்டது என்று எல்லாமே இருக்கிறது. ஹெலிகோனியஸ் வண்ணத்திகள் இந்தக் கொடிகளில்தான் முட்டை இடும். அவை இலையைப் பார்வையால் தேடுவதனால், கண்ணில் படாமல் தப்பிக்கவே இலைகள் இப்படி விதவிதமாக மாறின என்பது ஒரு பிரபலமான கருத்து. சில இனங்களில் ஏற்கனவே முட்டை இட்டிருப்பது போலத் தோன்றும் மஞ்சள் புள்ளிகள்கூட உண்டு. (எங்கள் பக்கம் ஹெலிகோனியஸ் இல்லை. டானி கோஸ்டர் என்ற செம்மஞ்சள் வண்ணத்தியின் முட்புழுக்கள்தான் கொடித்தோடையை மொட்டையடிக்கும். அது வேறு கதை.)

டேனியல் சிட்வுட், பிரேசிலின் வாக்னர் ஒட்டோனி இருவரும் 40 இனங்களில் 3,300க்கு மேல் இலைகளை எடுத்து 2017இல் வெளியிட்டார்கள். முக்கியமான விஷயம் என்னவென்றால், அவர்கள் இலைகளைக் கண்டபடி பறிக்கவில்லை. ஒவ்வொரு கொடியிலும் கணு வரிசைப்படி பறித்து, இது எத்தனையாவது கணு என்ற எண்ணோடு வைத்தார்கள். ஒவ்வொரு இலையையும் இரண்டு விதமாக அளந்தார்கள். ஒன்று, நரம்புகளும் மடல்களும் சந்திக்கும் 15 அடையாளப் புள்ளிகள். மற்றது, இலையின் வெளிக்கோட்டை ஃபூரியர் தொடராக மாற்றுவது. பிறகு எல்டிஏவிடம் இரண்டு கேள்வி கேட்டார்கள்: இந்த இலை எந்த இனம்? இந்த இலை எத்தனையாவது கணு? அடையாளப் புள்ளிகளும் வெளிக்கோடும் இந்த இரண்டு கேள்விக்கும் ஒரே அளவுக்குப் பதில் சொல்லவில்லை. சில செய்திகள் நரம்பில் இருக்கின்றன, சில ஓரத்தில்.

அதே வருடம் அவர்களுடைய இன்னொரு கட்டுரை இதைவிடச் சுவையானது. கொடியின் அடியில் வரும் முதல் இலைகள் பல இனங்களில் ஒன்றைப்போல ஒன்று இருக்கின்றன. மேலே போகப் போகத்தான் ஒவ்வொரு இனமும் தன் வடிவத்துக்குப் பிரிந்து போகிறது. இதை வீட்டிலேயே பார்க்கலாம். கொடித்தோடை விதை போட்டால் நாற்றின் முதல் இலைகள் மடலில்லாமல் முட்டை வடிவில் வரும். பிறகுதான் மூன்று மடல் வரும்.

தம்பிக்கு இதில் என்ன பயன் என்றால், இடத்தை ஒரு தொல்லையாக ஒதுக்காமல் இன்னொரு அளவையாகப் பதிந்தால் இனத்தையும் இடத்தையும் தனித்தனியே கேட்க முடியும்.

இலைக்கணக்கு

நன்றி அக்கா, அந்தத் தரவு பொதுவெளியிலேயே இருக்கிறது, இறக்கிக்கொண்டேன்.

முள்முருங்கை ஐயா கேட்டதைப் பார்த்தேன். களக் குறிப்பில் கிளை வகையையும் எழுதியிருந்தேன், பிசிஏவுக்குள் கொண்டுவரவில்லை. ஏறுதண்டு ஒரு நிறம், பக்கக்கிளை ஒரு நிறம் என்று மாற்றியதும் இரண்டு கூட்டமும் அப்படியே நிறம் பிரிந்துவிட்டன. நடுவில் கிடக்கும் கொஞ்சம் புள்ளிகள் ஓடுகொடிகள்.

அடுத்து, பக்கக்கிளை இலைகளை மட்டும் வடிகட்டி மறுபடி போட்டேன். இப்போது வேறு படம். தோட்டத்து ரகங்களில் கரிமுண்டா ஒரு மூலையில் நெருக்கமாக, பன்னியூர்-1 பெரிய இலைகளோடு எதிர் மூலையில் நெருக்கமாக. காட்டுக்கொடிகள் எல்லாம் நடுவில் புகைபோலப் பரவிக் கிடக்கின்றன, எங்கும் இடைவெளி இல்லை. தோட்டத்து ரகங்கள்தான் தெளிவான "இனங்கள்" போலத் தெரிகின்றன, காடு குழப்பமாக இருக்கிறது. இது தலைகீழாக அல்லவா இருக்கிறது?

பரவற்படி

தலைகீழாக இல்லை. கரிமுண்டா எப்படிப் பெருகுகிறது? பதியன் போட்டு. தோட்டத்தில் இருக்கும் கரிமுண்டாக் கொடிகள் எல்லாம் ஏதோ ஒரு பழைய கொடியின் துண்டுகள். நீங்கள் பல கொடிகளில் பறித்ததாக நினைக்கிறீர்கள், மரபணுக் கணக்கில் அது ஒரே கொடி. அதன் இலைகள் நெருக்கமாக நிற்பது இனம் என்பதற்கான சான்று ஆகாது, நகல் என்பதற்குத்தான் சான்று. காட்டில் இருப்பவை பறவை போட்ட விதையில் முளைத்தவை. ஒவ்வொன்றும் தனி ஆள். அங்கே பரவல் விரிந்திருப்பதுதான் முறை.

இரண்டு நகல்களுக்கு நடுவே எல்டிஏ போட்டால் நூற்றுக்கு நூறு சரியாகப் பிரிக்கும். அந்த நூறு எதையும் நிரூபிக்காது. ஆய்வேட்டில் அந்த எண்ணை முன்பக்கம் போட்டுவிடாதீர்கள்.

இதோடு சேர்ந்த இன்னொரு விஷயம். ஒரு கொடியில் 20 இலை, பத்துக் கொடி என்றால் உங்களிடம் 200 மாதிரி இருப்பதாக மென்பொருள் நினைக்கும். உண்மையில் இருப்பது பத்து. ஒரே கொடியின் இலைகள் ஒன்றுக்கொன்று உறவு, தனித்தனி சாட்சிகள் இல்லை. இதைப் போலி மறுபதிவு என்று சூழலியலில் 1984இலேயே ஹர்ல்பர்ட் கடுமையாக எழுதிவிட்டார், இன்னும் எல்லோரும் செய்துகொண்டிருக்கிறார்கள். எல்டிஏவைச் சோதிக்கும்போது ஒரு இலையை வெளியே வைத்துச் சோதிக்காதீர்கள். ஒரு முழுக் கொடியை, அதன் எல்லா இலைகளோடும் வெளியே வைத்துச் சோதியுங்கள். துல்லியம் மளமளவென்று இறங்கும். அந்த இறங்கிய எண்தான் உங்கள் எண்.

பக்கக்கிளை இலைகளுக்கு மாறுபாட்டை அடுக்கடுக்காகப் பிரித்துப் பாருங்கள். இடத்துக்கு இடம் எவ்வளவு, இடத்துக்குள் கொடிக்குக் கொடி எவ்வளவு, கொடிக்குள் இலைக்கு இலை எவ்வளவு. இந்த அடுக்குகளைத் தனித்தனியே கணக்கிடும் கலப்பு விளைவு மாதிரி ஒன்று போட்டால் வந்துவிடும். கொடிக்குள் இருக்கும் மாறுபாடே பெரும்பகுதி என்றால் அந்த அளவை இனம் பிரிக்க உதவாது, அது எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். எந்த அளவைகள் கொடிக்குள் அசையாமல், கொடிக்குக் கொடி மாறுகின்றனவோ அவை மட்டும்தான் வகைப்பாட்டுக்கு வேலைக்கு ஆகும். என்னைக் கேட்டால் பிசிஏ போடும் முன்பே செய்ய வேண்டியது இதுதான்.

முள்முருங்கை

அந்த அசையாத அளவையை நாங்கள் வேறு மாதிரி பார்ப்போம். கொழுந்தின் நிறம். ஓடுகொடியின் நுனியைப் பாருங்கள், சில ரகத்தில் வெளிர்பச்சை, சில ரகத்தில் ஊதா அடித்த மாதிரி இருக்கும். நிழல் வெயிலுக்குக் கொஞ்சம் மங்கும், மாறாது. அப்புறம் சரத்தின் நீளம், மணி நெருக்கமா இடைவெளியா, மணி பெரிதா சிறிதா. கரிமுண்டாவுக்குச் சரம் குட்டை, நிழலிலும் காய்க்கும். பன்னியூர் நீளச் சரம், ஆனால் வெளிச்சம் கேட்கும். இலையைப் பார்த்து ரகம் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், நான் சரத்தைப் பார்க்காமல் சொல்லமாட்டேன்.

உலர்தாவரம்

இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். இலைகளை இவ்வளவு நுணுக்கமாக அளப்பவர்கள் பூங்கதிரை ஏன் விட்டுவிடுகிறார்கள் என்பது எனக்கு எப்போதும் எரிச்சல். தென்னிந்திய பைப்பர் இனங்களில் பல கதிரைப் பார்த்ததும் பிரிந்துவிடும். திப்பிலியின் கதிர் நிமிர்ந்து நிற்கும், மிளகின் சரம் தொங்கும். உயரமான சோலைகளில் வளரும் பைப்பர் முல்லெசுவாவின் கதிர் மிகக் குட்டை, உருண்டை போலவே இருக்கும். பைப்பர் கேலியாட்டமில் பூவடிச் செதில் கிண்ணம்போல் குழிந்திருக்கும். இவற்றுக்குப் புள்ளியியலே வேண்டாம், ஒரு கைவில்லை போதும். புள்ளியியல் தேவைப்படுவது இவை எல்லாம் ஒத்துப்போன பிறகும் கொடிகள் ஒன்றுபோல் இல்லாதபோது.

கோழிக்கோட்டில் இந்திய நறுமணப்பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தில் பி. என். ரவீந்திரனும் உடன் பணியாற்றியவர்களும் 1990களில் தென்னிந்திய பைப்பர் இனங்களையும் மிளகு ரகங்களையும் கொத்துப் பகுப்பாய்வுக்கும் முதன்மைக் கூறு பகுப்பாய்வுக்கும் உட்படுத்தினார்கள். ஆய்வேடு எழுதுகிறவர் அதைப் படிக்காமல் தொடங்கக்கூடாது. மிளகுக்கு 1995இல் வந்த பன்னாட்டு விவரிப்புப் பட்டியலும் இருக்கிறது. எந்தப் பண்பை எந்தக் கிளையில் பார்க்க வேண்டும் என்று அதில் சொல்லியிருக்கும்.

பரவற்படி

> "இவற்றுக்குப் புள்ளியியலே வேண்டாம், ஒரு கைவில்லை போதும்"

இதில் பாதி ஒப்புக்கொள்கிறேன், பாதி சண்டை போடுகிறேன். கதிர் முக்கியம் என்று எப்படித் தெரியும்? "அனுபவத்தில் தெரியும்" என்றால் அந்த அனுபவம் ஏற்கனவே கதிரை வைத்துப் பிரித்த இனங்களைப் பார்த்து வந்தது. வட்டமாகச் சுற்றி வருகிறோம். சோக்கலும் ஸ்னீத்தும் 1963இல் எண்வழி வகைப்பாட்டைப் புத்தகமாகப் போட்டபோது சொன்னதே இதுதான்: எந்தப் பண்புக்கும் முன்கூட்டியே தனிமரியாதை கொடுக்காதே, எல்லாவற்றையும் சமமாக எண்ணு.

உலர்தாவரம்

அவர்களுக்கு 200 வருஷம் முன்பே, 1763இல், மிஷேல் அடான்சன் ஏறக்குறைய அதைத்தான் சொன்னார். செனகலில் வருஷக்கணக்கில் இருந்து, ஐரோப்பாவுக்காக வகுத்த வகைப்பாட்டில் வெப்பமண்டலச் செடிகள் அடங்கவில்லை என்று கண்டவர். நல்ல யோசனைதான். ஆனால் இலைக்கணக்கு தம்பியின் பட்டியலைப் பாருங்கள். இலை அளவைகள் ஏழு. அதோடு சரத்தின் நீளத்தைச் சேர்த்தால் சமமாக எண்ணும்போது இலைக்கு ஏழு ஓட்டு, சரத்துக்கு ஒரு ஓட்டு. அந்த ஏழும் உண்மையில் ஒன்றோ இரண்டோ விஷயத்தைத்தான் திருப்பித் திருப்பிச் சொல்கின்றன. இது சமமா?

வவுனியா வண்ணத்தி

அடான்சன் என்றதும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மன்னாரில் நிற்கிற பெருக்கமரத்தின் பேரினத்துக்கு அவர் பேரைத்தான் வைத்திருக்கிறார்கள். சரி, தொடருங்கள்.

பரவற்படி

ஓட்டு விஷயத்தில் உலர்தாவரம் ஐயா சொல்வது சரி, அதற்கு மருந்தும் இருக்கிறது. கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கிய மகலனோபிஸ் 1936இல் எழுதிய தொலைவு. ஃபிஷரின் ஐரிஸ் கட்டுரை வந்த அதே வருஷம். நீளமும் அகலமும் சேர்ந்தே கூடிக் குறைகின்றன என்றால் அந்தத் திசையில் இரண்டு இலைகள் எவ்வளவு தள்ளி நின்றாலும் அது பெரிய வித்தியாசம் இல்லை. அதற்குக் குறுக்கே, நீளம் கூடி அகலம் குறைந்து, கொஞ்சம் தள்ளி நின்றாலும் அது பெரிய வித்தியாசம். மகலனோபிஸ் தொலைவு இதைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. ஒரே செய்தியைச் சொல்லும் ஏழு அளவைகள் ஏழு தடவை எண்ணப்படுவதில்லை. எல்டிஏவின் உள்ளே ஓடுவதும் கிட்டத்தட்ட இதே கணக்குதான்.

ஒரு எச்சரிக்கை. அந்தச் சேர்ந்து மாறும் போக்கை எதிலிருந்து கணக்கிடுகிறீர்கள் என்பது முக்கியம். ஏறுதண்டும் பக்கக்கிளையும் கலந்த தரவிலிருந்து கணக்கிட்டால் தவறான திசை வரும். ஒரே இடத்து இலைகளிலிருந்து, கொடிக்குள் உள்ள மாறுபாட்டைக் கழித்து, கணக்கிட வேண்டும்.

கொழுந்து நிறம், செதில் வடிவம் மாதிரி எண்ணாக இல்லாத பண்புகளைச் சேர்க்க வேண்டுமென்றால் கோவர் தொலைவு. இருக்கிறது, இல்லை, நிறம், நீளம் எல்லாம் ஒரே அட்டவணையில் போகும். காலியான கட்டங்களையும் தாங்கும்.

இலைக்கணக்கு

காலிக் கட்டங்கள்தான் பெரிய பிரச்சினை. காட்டுக்கொடிகளில் பாதிக்கு மேல் காயே இல்லை.

உலர்தாவரம்

ஆண் கொடிகளாக இருக்கும். காட்டு மிளகில் ஆண், பெண் கொடிகள் பெரும்பாலும் தனித்தனி. நாம் வளர்ப்பவை பெரும்பாலும் இருபால் பூக்கள் கொண்டவை, அப்படிப்பட்டதையே மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து நட்டிருக்கிறார்கள். அதனால் உங்கள் அட்டவணையில் காலிக் கட்டம் தற்செயலாக வரவில்லை, பால் காரணமாக வருகிறது. கோவர் அதைத் தாங்கும் என்று விட்டுவிட்டால் ஆண்கள் ஒரு கூட்டமாகவும் பெண்கள் ஒரு கூட்டமாகவும் பிரிந்து, மறுபடியும் "இரண்டு இனம்" வரும். பழங்காலத்தில் இதே காரணத்தால் ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறு வேறு இனப்பெயர் வைத்த கதைகள் தாவரவியலில் நிறைய உண்டு.

ஆண் சரத்தையும் பெண் சரத்தையும் தனித்தனியாகப் பகுத்துப் பாருங்கள். இரண்டிலும் ஒரே எல்லை தெரிந்தால் அப்புறம் பேசலாம்.

சும்மா பார்ப்பவன்

கடைசியில் எல்லை தெரியாவிட்டால்? புகைபோலவே இருந்தால்?

வவுனியா வண்ணத்தி

அப்படியே எழுத வேண்டியதுதான். பாசிஃப்ளோரா ஃபோட்டிடாவைப் பாருங்கள், வலை போட்ட மாதிரி செதிலுக்குள் குட்டிப் பழம் இருக்குமே, தமிழ்நாட்டில் சிறுபூனைக்காலி என்பார்கள். கில்லிப் 1938இல் அமெரிக்க இனங்களைத் தொகுத்தபோது அந்த ஒரே இனத்துக்குள் 30க்கும் மேற்பட்ட வகைகளை வைத்தார். 2013இல் வாண்டர்பிளாங்க் அந்தப் பிரிவை மறுபடி ஆராய்ந்து, சில வகைகளைத் தனி இனமாக உயர்த்தினார். இரண்டு பேரும் செடியைக் கவனமாகப் பார்த்தவர்கள்தான். எனக்கு இதில் கில்லிப் பக்கம்தான் சாய்வு, தொடர்ச்சியாக மாறுகிற ஒன்றை வகையாகவே விட்டுவிடலாம் என்று. பழம் சேகரிக்கிறவர்களிடம் இதைச் சொன்னால் அடிக்க வருவார்கள்.

பரவற்படி

முதுகலை ஆய்வேட்டுக்கு "இந்தப் பகுதியில் பக்கக்கிளை இலை வடிவத்தில் இடைவெளி இல்லை, மாறுபாட்டில் இவ்வளவு பங்கு கொடிக்குள்ளேயே இருக்கிறது" என்பது நல்ல முடிவு. புது இனம் கண்டேன் என்பதைவிட எனக்கு அது பிடிக்கும். தேர்வாளருக்கு எது பிடிக்கும் என்பது வேறு விஷயம்.

இலைக்கணக்கு

சரி, இப்படிச் செய்யலாம் என்று நினைக்கிறேன். ஏற்கனவே இருக்கும் தரவில் பக்கக்கிளை இலைகளை மட்டும் வைத்துக் கொடிக்குள், கொடிக்கு வெளியே என்று மாறுபாட்டைப் பிரிப்பேன். தோட்ட ரகங்களை வகைப்பாட்டிலிருந்து விலக்கி, ஒப்பீட்டுக்கு மட்டும் படத்தில் காட்டுவேன். அடுத்த சேகரிப்பில் கொடிக்கு ஐந்து இலை போதும், கொடிகளைக் கூட்டுகிறேன். எல்லாம் பக்கக்கிளையில், நுனியிலிருந்து முழுதாக விரிந்த மூன்றாவது இலை. சரம், கொழுந்து நிறம், பால் மூன்றையும் சேர்க்கிறேன். எப்போது போனால் சரம் கிடைக்கும்?

முள்முருங்கை

தென்மேற்கு மழை பிடித்து நாலு வாரம் கழித்துப் போங்கள், ஜூலை கணக்கில். புதுச் சரம் தொங்கும். ஆண் பூ, பெண் பூ பார்க்க அதுதான் நேரம், மணி திரண்ட பிறகு தெரியாது. மேலே ஏறப் பறிப்புக்காரர்களின் ஒற்றை மூங்கில் ஏணியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், ஈரத்தில் தனியாக ஏறவேண்டாம்.

இன்னொன்று. தோட்டத்துக் கொடிக்கு எண் எழுதின பட்டையைத் தாங்கு மரத்தில் கட்டாதீர்கள், தண்டிலேயே கட்டுங்கள். நாங்கள் ஒரு மரத்துக்கு இரண்டு மூன்று பதியன் வைப்போம், சில சமயம் வேறு வேறு ரகம்கூட. மேலே போய் எல்லாம் பின்னிக்கொள்ளும். கீழேயிருந்து ஒவ்வொரு தண்டாகக் கையால் பிடித்துக்கொண்டே மேலே போனால்தான் எந்தக் கிளை எந்தக் கொடி என்று தெரியும்.

பரவற்படி

இலைக்கணக்கு தம்பி, ஏற்கனவே எடுத்த தோட்டத் தரவில் "கொடி எண்" என்று இருப்பது தண்டின் எண்ணா, மரத்தின் எண்ணா? மரத்தின் எண் என்றால் கொடிக்குள் மாறுபாட்டைக் காட்டுக்கொடிகளில் மட்டும் கணக்கிடுங்கள்.